வசந்தகால உறைபனியும் திராட்சைத் தோட்டங்களும்: அபாயப் படம் வரையும் முறை

தமிழ்நாட்டில் திராட்சை பயிரிடுவோர் மழையினாலும் பூஞ்சண நோய்களினாலும் உண்டாகும் நஷ்டத்தை நன்கு அறிவர். கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களில் உறைபனி விழுவதில்லை. ஆனால் ஐரோப்பாவின் குளிர்ந்த பகுதிகளில் திராட்சை பயிரிடுவோர், பங்குனி சித்திரை மாதங்களின் தெளிந்த இரவுகளில் உஷ்ணமானியைப் பார்த்தவண்ணம் கண்விழித்திருக்க வேண்டியவர்களாக இருக்கின்றனர். குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடந்த கொடி வசந்தத்தில் துளிர்த்த பின்னர் ஒரே ஓர் இரவு கடும் உறைபனி விழுந்தாலும், அவ்வருஷத்து மகசூலில் பெரும்பகுதி பொழுது விடிவதற்குள் போய்விடும்.

பிரான்ஸ் தேசத்தின் வடகிழக்கிலுள்ள ஷாம்பெய்ன் பிரதேசத்தில், 2003-ம் வருஷம் ஏப்ரல் மாதம் விழுந்த உறைபனி மகசூலில் ஏறக்குறையப் பாதியை அழித்தது. 2021-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி முதல் 8-ந் தேதி வரையிலான இரவுகளில் விழுந்த உறைபனி அத்தேசத்தின் பெரும்பாலான திராட்சைப் பிரதேசங்களைத் தாக்கிற்று. அவ்வருஷத்து ஒயின் உற்பத்தி முந்திய வருஷத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்காக அரசாங்கம் 100 கோடி யூரோ உதவித் திட்டம் ஒன்றை அறிவித்தது.

எனினும் இத்தகைய இரவுகளில் எல்லாத் தோட்டங்களும் ஒரே அளவில் சேதமடைவதில்லை. ஒரே சரிவில், ஒரே வகைக் கொடியை, ஒரே முறையில் பயிரிட்ட இரு தோட்டங்களில், மேலேயுள்ளது பச்சையாகவும் கீழேயுள்ளது கருகியும் நிற்பதைக் காணலாம். இவ்வேற்றுமை தற்செயலாக நேர்வதன்று. நிலத்தின் ஏற்ற இறக்கங்களே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆதலால் நில அமைப்பையும் இரவு உஷ்ணநிலையையும் அளந்து இணைத்து, எந்தப் புலத்துக்கு எவ்வளவு அபாயம் உண்டு என்பதை முன்கூட்டியே படமாக வரைந்துகொள்ள இயலும். அம்முறையும், அதனால் விளையும் பிரயோஜனமும், அதன் எல்லைகளும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

உறைபனியின் இரு வகை

உறைபனி இரு விதங்களில் உண்டாகும். முதல் வகையில், துருவப் பிரதேசத்திலிருந்து கடுங்குளிர்க் காற்று பெருமளவில் வீசி ஒரு நாடு முழுவதையும் மூடுகிறது. அப்போது மேடென்றும் பள்ளமென்றும் பேதமின்றி எங்கும் குளிர் பரவும். காற்றுப் பலமாக வீசுவதால் உயரமான திறந்த இடங்களே சில சமயம் அதிகச் சேதமடைவதும் உண்டு.

இரண்டாம் வகை, காற்றசைவில்லாத தெளிந்த இரவில் உண்டாவது. பகலில் சூரியனிடமிருந்து பெற்ற வெப்பத்தைப் பூமி இரவில் ஆகாயத்தை நோக்கி வெளிவிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி போல் மூடி, வெளியேறும் வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லாவிட்டால் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடும். தரையும் தரையிலுள்ள பயிரும் முதலில் குளிர்ந்து, அவற்றைத் தொட்டு நிற்கும் காற்றையும் குளிரச் செய்கின்றன. இதனால் தரையருகே குளிர்ந்த காற்றும், அதற்குமேல் சில டிகிரி வெப்பம் அதிகமான காற்றும் அடுக்காக நிற்கும். பகலில் மேலே செல்லச் செல்லக் குளிர் கூடுவது இயல்பு. இத்தகைய இரவில் அது தலைகீழாகிவிடுகிறது.

காற்றில் போதிய ஈரம் இருந்தால் இலைகளின்மேல் வெண்மையான பனிப்படலம் தோன்றும். ஈரம் மிகக் குறைவாக இருந்தால் வெண்பனி கண்ணுக்குப் புலப்படாமலே இளந்தளிரின் உள்ளிருக்கும் நீர் உறைந்து தளிர் கருகிவிடும். இது கரும்பனி எனப்படும். ஆகவே தோட்டத்தில் வெள்ளை தென்படவில்லை என்பதால் சேதமில்லை என்று எண்ணிவிடலாகாது.

அபாயப் படம் முக்கியமாகப் பயன்படுவது இவ்விரண்டாம் வகைக்கே. நில அமைப்பின் செல்வாக்கு அதில்தான் முழுமையாக வெளிப்படுகிறது.

குளிர்ந்த காற்று ஓடும் விதம்

குளிர்ந்த காற்று வெப்பக் காற்றைவிடக் கனமானது. கடல் மட்டத்தில், 10 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள ஒரு கன மீட்டர் உலர்ந்த காற்றின் எடை சுமார் 1,247 கிராம். 0 டிகிரியில் அதுவே சுமார் 1,293 கிராம். வித்தியாசம் அற்பமாகத் தோன்றினும், காற்றசைவற்ற இரவில் இதுவே போதும். மேட்டிலும் சரிவிலும் குளிர்ந்த காற்று, மெல்லிய போர்வை போலத் தரையை ஒட்டித் தாழ்ந்த இடங்களை நோக்கி மெதுவாக நகர்கிறது. அதன் வேகம் பெரும்பாலும் மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவே.

நீர்ப்பாசனம் அறிந்த விவசாயிக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. மலைச்சரிவு நீர்ப்பிடிப்புப் பகுதி போலவும், ஓடையும் மடுவும் வாய்க்கால் போலவும், பள்ளம் ஏரி போலவும், குறுக்கே நிற்கும் அடர்ந்த வேலியும் உயர்ந்த சாலையும் ஏரிக்கரை போலவும் ஆகின்றன. எங்கே வடிகால் இல்லையோ அங்கே குளிர்காற்றுத் தேங்கும். தேங்கிய மட்டம் இரவு ஏற ஏற உயர்ந்துகொண்டே போகும். சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்பின்னாகக் குளிர் அதன் உச்சத்தை அடையும்.

இதனால் ஒரு சரிவை மூன்று பகுதிகளாகக் கருதலாம். உச்சியிலுள்ள சமதளம் குளிர்காற்று உற்பத்தியாகும் இடம். அது அகன்றிருந்தால் கீழே வரும் குளிரும் அதிகம். நடுச்சரிவில் குளிர்காற்றுத் தங்காமல் வழிந்தோடுவதால் அதுவே பெரும்பாலும் வெப்பமான பட்டையாக இருக்கும். அடிவாரமும் பள்ளத்தாக்கின் தரையும் குளிர் தேங்கும் இடங்கள். பிரான்ஸின் புகழ்பெற்ற பழைய திராட்சைத் தோட்டங்கள் பல நடுச்சரிவில் அமைந்திருப்பதற்கு மண்ணும் வெயிலும் வடிகாலும் காரணமாவதுடன் இதுவும் ஒரு காரணமாகும்.

எனினும் நீருக்கும் குளிர்காற்றுக்கும் ஒரு பேதம் உண்டு. நீர் சிறு வரப்புக்கும் கட்டுப்படும். குளிர்காற்றோ பல மீட்டர் ஆழமுள்ள படலமாக நகர்வதால் சிறு தடைகளைத் தாண்டிச் செல்லும். பெருந்தடை எதிர்ப்பட்டால் அதன் பின்னே வெகு தூரம் எதிர்த்துத் தேங்கி நிற்கும்.

கொடியின் பருவமும் அது தாங்கும் குளிரும்

உஷ்ணநிலையை மட்டும் அறிந்தால் போதாது. குளிர்காலத்தில் உறங்கும் மொட்டுப் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கு மேற்பட்ட குளிரையும் தாங்கும். மொட்டுப் பருத்தவுடன் சுமார் 3½ டிகிரிக் குளிரிலேயே பல மொட்டுகள் மடியும். மொட்டு வெடித்துப் பச்சை தெரிந்தபின் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 2 டிகிரியும், இலைகள் விரிந்தபின் 1 முதல் 2 டிகிரிக்குள்ளாகவும் சேதம் நேரும். இவை திட்டமான எல்லைகள் அல்ல. கொடியின் வகை, ஈரம், குளிர் நீடித்த நேரம் ஆகியவற்றுக்கேற்பச் சற்று மாறும்.

வகைகளுக்குள்ளும் பேதமுண்டு. ஷாம்பெய்ன் பிரதேசத்தில் ஷார்டொனே என்னும் வெள்ளைத் திராட்சை முன்னதாகத் துளிர்க்கும். ஆகவே 2003-ம் வருஷத்தில் அது மிகுதியாகப் பயிராகும் கோத் தே பிளான் சரிவுகள் கடுஞ்சேதம் அடைந்தன. மெனியே என்னும் வகை சற்றுப் பின்னதாகத் துளிர்ப்பது. குளிர் மிகுந்த மார்ன் நதிப் பள்ளத்தாக்கில் அது பெரிதும் பயிரிடப்படுவதற்கு இக்குணம் ஒரு காரணமாகும்.

உஷ்ணமானிகளை வைக்கும் முறை

அரசாங்க வானிலை நிலையங்களில் உஷ்ணமானி, தரையிலிருந்து சுமார் 1½ மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெண்ணிறக் கூட்டினுள் வைக்கப்படுகிறது. தெளிந்த இரவில் அக்கூட்டினுள் 2 டிகிரி காட்டும்போதே தரையருகிலுள்ள தளிர் பூஜ்யத்துக்குக் கீழ் சென்றிருக்கக்கூடும். மேலும், நிலையம் பெரும்பாலும் தோட்டங்களிலிருந்து பல மைல் தொலைவில் சமவெளியில் இருக்கும். ஆதலால் நிலையத்தின் கணக்கை அப்படியே தோட்டத்துக்குப் பொருத்துவது தவறாகும்.

படம் வரைவதற்கு, தாமாகவே குறித்துக்கொள்ளும் சிறு மின்சார உஷ்ணமானிகள் பல வேண்டும். அவற்றை வைப்பதில் கவனிக்க வேண்டியவை:

1. உச்சி, நடுச்சரிவு, அடிவாரம், பள்ளம் ஆகிய எல்லா வகை இடங்களிலும் வைத்தல் வேண்டும். அணுகுவதற்கு எளிதென்று சாலையோரத்தில் மட்டும் வைத்தால் படம் சாலையோரத்துக்கே பொருந்தும்.

2. எல்லா உஷ்ணமானிகளையும் கொடியின் துளிர் இருக்கும் ஒரே உயரத்தில் வைத்தல் வேண்டும். அரை மீட்டர் உயர வித்தியாசமே இத்தகைய இரவில் கணக்கைக் கெடுத்துவிடும்.

3. வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்துப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, அவை 0 டிகிரி காட்டுகின்றனவா என்று சோதித்தல் வேண்டும். நனையக்கூடாத பாகங்களை மூடிக்கொள்ள வேண்டும்.

4. பத்து அல்லது பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குறிக்கும்படி அமைத்து, இரண்டு மூன்று வசந்த காலங்களாவது தொடர்ந்து வைத்திருத்தல் வேண்டும்.

5. அருகே கட்டிடம், கல்சுவர், பெருமரம் ஆகியவை இருந்தால் அவற்றையும் குறித்து வைத்தல் வேண்டும். கல்சுவர் பகல் வெப்பத்தை வைத்திருந்து இரவில் விடுவதால் அளவு உயர்ந்து காணும்.

நில அமைப்பைக் கணக்கிடுதல்

முற்காலத்தில் நில உயரங்களைச் சமவுயரக் கோடுகள் வரைந்த தேசப்படங்களிலிருந்தே அறிய வேண்டியிருந்தது. இக்காலத்தில் விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் முறையினால், நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் உயரத்தையும் குறித்த பட்டியல்கள் கிடைக்கின்றன. பிரான்ஸ் தேசத்து நிலவரைபட ஸ்தாபனம் நாடு முழுவதற்கும் ஒரு மீட்டர் சதுர அளவில் இத்தகைய பட்டியலை வெளியிட்டுள்ளது.

இவ்வுயரப் பட்டியலிலிருந்து கம்ப்யூட்டரின் உதவியால் பல கணக்குகளை எடுக்கலாம். அவற்றுள் முக்கியமானவை நான்கு. முதலாவது, பள்ளத்தாக்கின் தரைக்கு மேல் அவ்விடம் எவ்வளவு உயரம் என்பது. கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தைவிட இதுவே உறைபனி விஷயத்தில் அதிகம் பயன்படும். இரண்டாவது, சரிவின் செங்குத்து. சரிவு அதிகமானால் குளிர்காற்று விரைவில் வழிந்துவிடும். மூன்றாவது, நிலம் குழிவாக உள்ளதா, குவிவாக உள்ளதா என்பது. நான்காவது, அவ்விடத்துக்கு மேலிருந்து எவ்வளவு பரப்பின் குளிர்காற்று வந்து சேரும் என்பது. இக்கடைசிக் கணக்கு, ஒரு மதகுக்கு எத்தனை ஏக்கர் மழைநீர் வந்து சேரும் என்று பொறியாளர்கள் கணக்கிடும் முறையைப் போன்றதே.

இவற்றோடு காடு, புல்தரை, உழவு நிலம், நீர்நிலை ஆகியவற்றின் இருப்பிடத்தையும் சேர்த்துக்கொள்வது நலம். பெரிய நீர்நிலை இரவில் மெதுவாகக் குளிர்வதால் அதன் கரையோரங்கள் சற்று வெப்பமாக இருக்கும்.

இரண்டையும் இணைத்தல்

உஷ்ணமானிகள் குறித்த இரவுகள் அனைத்தையும் கலந்து சராசரி எடுத்தால் பயனில்லை. மேகமும் காற்றும் உள்ள இரவுகளில் எல்லா இடங்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். ஆகவே காற்றசைவற்ற தெளிந்த இரவுகளை மட்டும் தனியே பொறுக்கி எடுக்க வேண்டும். பின்னர், அவ்விரவுகளில் ஒவ்வோர் இடமும் வானிலை நிலையத்தைவிட எத்தனை டிகிரி குளிர்ந்தது அல்லது வெப்பமாக இருந்தது என்று கணக்கிட வேண்டும்.

உதாரணமாக, நிலையத்தில் 1 டிகிரி இருந்த இரவில் நடுச்சரிவில் 2 டிகிரியும், அடிவாரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 1 டிகிரியும், பள்ளத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 3 டிகிரியும் குறிக்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தோடு ஒப்பிட்டால் இவற்றின் வேற்றுமை முறையே ஒன்று கூடுதல், இரண்டு குறைவு, நான்கு குறைவு ஆகும். இதே வேற்றுமை பல இரவுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டால், அது அவ்விடங்களின் நிலையான குணம் என்று கொள்ளலாம்.

அதன்பின் இவ்வேற்றுமைகளுக்கும் மேற்கூறிய நில அளவுகளுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கணித முறையால் கண்டுபிடித்து, உஷ்ணமானி வைக்கப்படாத சதுரங்களுக்கும் அதே விதியைப் பொருத்தினால் முழுப் படமும் கிடைக்கும். ஷாம்பெய்ன் பிரதேசத்தின் மார்ன் பகுதித் தோட்டங்களுக்கு இத்தகைய ஆராய்ச்சியைச் செய்தவர்களுள் மலிகா மாத்லேன், ஜெரார் பெல்த்ராந்தோ ஆகிய இருவர் குறிப்பிடத்தக்கவர். வசந்தகால உறைபனி அபாயத்தைப் படமாக வரையும் அவர்களது முறை 2005-ம் வருஷத்தில் பிரிட்டனின் ராயல் வானிலைச் சங்கத்துப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று.

படம் சரியா என்பதைச் சோதிக்காமல் நம்பலாகாது. இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. சில உஷ்ணமானிகளின் கணக்கைச் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டுப் படத்தை வரைய வேண்டும். பின்னர் அவ்விடங்களுக்குப் படம் கூறும் அளவையும் உண்மையில் குறிக்கப்பட்ட அளவையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரு டிகிரிக்குள் ஒத்திருந்தால் படம் உபயோகமானது. மூன்று டிகிரி பேதப்பட்டால் அப்படத்தை நம்பிப் பணம் செலவிடக்கூடாது. கிராமத்து முதியோர் நினைவிலுள்ள பழைய சேதங்களைப் படத்தோடு ஒப்பிடுவதும் நல்ல சோதனையாகும்.

இறுதியாக, வானிலை நிலையத்தில் பல வருஷங்களாகச் சேர்ந்துள்ள கணக்கைக் கொண்டு, முப்பது வருஷங்களில் எத்தனை வசந்தங்களில் துளிர்த்த பின் சேதமுண்டாக்கும் குளிர் அப்புலத்தைத் தாக்கியிருக்கும் என்று கணக்கிட வேண்டும். விவசாயிக்கு வேண்டியது டிகிரிக் கணக்கன்று. "இப்புலம் பத்து வருஷத்தில் ஒருமுறை கெடும், அப்புலம் மூன்று வருஷத்தில் ஒருமுறை கெடும்" என்னும் கணக்கே ஆகும்.

படத்தைப் பயன்படுத்தும் விதம்

திராட்சைக் கொடி ஒருமுறை நட்டால் பல பத்து வருஷங்கள் நிற்பது. ஆதலால் படத்தின் முதற் பயன் நடும் இடத்தைத் தெரிந்தெடுப்பதேயாகும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கெடும் பள்ளத்தில் கொடியை நட்டுவிட்டுப் பின்னர் அதைக் காக்கச் செலவிடுவதைவிட, அந்நிலத்தைத் தானியத்துக்கோ புல்லுக்கோ விட்டுவிடுதல் லாபகரம். நடத்தான் வேண்டுமானால் பின்னதாகத் துளிர்க்கும் வகையை நட்டுக் கொடியைச் சற்று உயரமாகப் படரவிட வேண்டும்.

இரண்டாவது பயன் கவாத்துச் செய்யும் முறையில் உண்டு. கொடியின் நுனியிலுள்ள மொட்டுகள் முதலில் துளிர்த்து, அடியிலுள்ளவற்றைத் தாமதப்படுத்தும். ஆதலால் அபாயமுள்ள புலங்களில் கவாத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டால், பின்னர் விடப்படும் அடிமொட்டுகள் சில நாட்கள் தாமதித்துத் துளிர்க்கும். அச்சில நாட்களே ஒரு வருஷத்து மகசூலைக் காக்கக்கூடும்.

மூன்றாவது, தரையைப் பேணுதல். ஈரமான, இறுகிய, புல்லற்ற தரை பகலில் அதிக வெப்பத்தை வாங்கி இரவில் கொடுக்கும். புதிதாக உழுது பொலபொலப்பான தரையும், உயர்ந்த புல் மூடிய தரையும் இதற்கு எதிரானவை. ஆகவே உறைபனிக் காலத்துக்குச் சற்று முன்பு, அபாயமுள்ள புலங்களில் உழவைத் தவிர்த்துப் புல்லைக் கட்டையாக வெட்டிவிட வேண்டும்.

நான்காவது, பாதுகாப்புச் சாதனங்களை வைக்கும் இடத்தைத் தீர்மானித்தல். இவை யாவும் செலவு மிகுந்தவை. மெழுகுத் தீபங்கள் ஹெக்டேருக்குச் சுமார் 300 முதல் 500 வரை வேண்டும். உயர்ந்த கம்பத்தில் சுழலும் பெரிய காற்றாடி, மேலேயுள்ள வெப்பக் காற்றைக் கீழே தள்ளிக் கலக்கும். ஒரு காற்றாடி சில ஹெக்டேர்களையே காக்கும், மேலே வெப்பக் காற்று இல்லாத இரவில் அதனால் பயனில்லை.

நீர் தெளிக்கும் முறை இவற்றினும் நுட்பமானது. ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பம் வெளிப்பட்டுத் தளிரைப் பூஜ்யத்தருகே நிறுத்துகிறது. ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாக மாறும்போது சுமார் 600 கலோரி உறிஞ்சப்படுகிறது. ஆதலால் தெளிப்பை நடுவில் நிறுத்தினால் தெளிக்காததைவிடக் கேடு அதிகம். பனிக்கட்டி தானாக உருகத் தொடங்கும்வரை தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மணிக்கு ஹெக்டேருக்குச் சுமார் 35 முதல் 40 கன மீட்டர் நீர் தேவை. பிரான்ஸின் ஷாப்ளி பிரதேசத்தில், 1957-ம் வருஷத்து உறைபனியில் மகசூலின் பெரும்பகுதி அழிந்த பின்னர் எண்ணெய்க் கணப்புகளும், பின்பு நீர் தெளிக்கும் குழாய்களும் பரவின. இதற்கு நீர் தேக்குவதற்கென்றே பெய்ன் கிராமத்தருகே செயற்கை ஏரி ஒன்று அமைக்கப்பட்டது.

இத்தனை செலவையும் எல்லாப் புலங்களிலும் செய்ய எவராலும் இயலாது. முதலில் எந்தப் புலத்தில் செய்வது, எந்தப் புலத்தில் செய்யாமலே விடலாம் என்பதைப் படமே காட்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

உறைபனி ஒரு தோட்டக்காரரின் தனி விஷயமன்று. ஒருவர் வைத்த அடர்ந்த உயிர்வேலி, மேற்புறத்து அண்டைத் தோட்டத்தில் குளிரைத் தேக்கலாம். புதிதாக உயர்த்திய சாலை ஒரு கிராமத்தின் பாதித் தோட்டங்களைக் கெடுக்கலாம். பிரான்ஸ் தேசத்தில், 2001-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட மத்தியதரைக்கடல் அதிவேக ரெயில் பாதையின் கரை, துராஞ்ஸ் நதிப் பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்களில் குளிர்காற்றின் போக்கை எவ்வாறு மாற்றும் என்பது தனியே ஆராயப்பட்டது. நீரோட்டத்துக்குக் குறுக்கே கரை போடும்போது கண்வாய் விடுவதுபோல, குளிர்காற்றின் ஓட்டத்துக்கும் இடைவெளி விட வேண்டும் என்பதே இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

ஆகவே அபாயப் படத்தைக் கிராமப் புலப்படத்தின்மேல் பொருத்தி வைத்துக்கொள்வது நலம். சாலை, கரை, கட்டிட வரிசை, மரக்கன்று நடுதல் ஆகியவற்றுக்கு அனுமதி அளிக்கும்போது, அவ்விடம் குளிர்காற்றின் வழியில் உள்ளதா என்று பார்க்கலாம். சரிவின் மேற்புறத்தில் அமைந்த வேலி குளிரைத் திருப்பிவிட்டு நன்மை செய்யும். கீழ்ப்புறத்தில் அமைந்த அதே வேலி குளிரைத் தேக்கித் தீமை செய்யும். கீழ்ப்புற வேலியின் அடிக்கிளைகளைக் கழித்துவிட்டாலே பெரும்பகுதிக் குளிர் வடிந்துவிடும். சேதம் நேர்ந்தபின் நிவாரணம் கணக்கிடும்போதும், எந்தப் புலத்தில் எவ்வளவு சேதம் இருக்கக்கூடும் என்பதற்குப் படம் ஒரு சாட்சியாக உதவும். ஆயினும் நேரில் பார்வையிடாமல் படத்தை மட்டும் கொண்டு ஒருவரது கோரிக்கையைத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

படத்தின் எல்லைகள்

முன்னர்க் கூறிய முதல் வகை உறைபனி, அதாவது துருவக் காற்றினால் நேர்வது, படத்துக்குக் கட்டுப்படாது. 2021-ம் வருஷத்து இரவுகளில் இவ்விரு வகையும் சேர்ந்தே வந்தமையால், வழக்கமாகத் தப்பும் சரிவுகளும் பல இடங்களில் சேதமடைந்தன.

மேலும் துளிர்க்கும் நாள் வருஷந்தோறும் மாறுகிறது. 2021-ம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் பிரான்ஸில் அக்காலத்துக்கு மீறிய வெப்பம் நிலவியது. அவ்வெப்பத்தில் கொடிகள் முன்னதாகத் துளிர்த்தன. ஒரு வாரத்துக்குள் உறைபனி வந்தது. உலக வானிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் விஞ்ஞானிகள் குழு ஒன்று அவ்வருஷமே இதனை ஆராய்ந்தது. பூமி வெப்பமடைந்திராவிட்டால் அவ்விரவுகள் இன்னும் குளிராகவே இருந்திருக்கும் என்றும், ஆயினும் கொடிகள் முன்னதாகத் துளிர்ப்பதனால், துளிர்த்த பின் இத்தகைய உறைபனி தாக்கும் வாய்ப்புச் சுமார் 60 சதவீதம் அதிகரித்துள்ளது என்றும் அக்குழு கண்டது. பூமி வெப்பமடைவதால் உறைபனி அபாயம் நீங்கிவிடும் என்று எண்ணியிருப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். இக்காரணத்தால் அபாயப் படத்தை ஒருமுறை வரைந்து பெட்டியில் வைத்துவிடாமல், சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

முடிவுரை

தமிழ்நாட்டில் திராட்சைக்கு இம்முறை தேவைப்படாவிடினும், நீலகிரியில் இதன் அடிப்படை முழுவதும் பொருந்தும். உதகமண்டலத்தைச் சூழ்ந்த பள்ளங்களில் மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைத் தளிரையும் மலைக்காய்கறிகளையும் கருக்குவது யாவரும் அறிந்ததே. அங்கும் ஓடையோரப் பள்ளம் முதலில் கெடுகிறது. சரிவின் நடுவில் உள்ளது பெரும்பாலும் தப்புகிறது. அங்குள்ள நிலச்சுவான்தார்கள் பெருஞ்செலவு செய்யாமலே தொடங்கலாம். சோதித்த உஷ்ணமானிகள் ஐந்தாறு வாங்கி, மேட்டிலும் சரிவிலும் பள்ளத்திலும் ஒரே உயரத்தில் வைத்து, தெளிந்த இரவுகளின் மிகக் குறைந்த உஷ்ணநிலையை விடியற்காலையில் ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்து வர வேண்டும். இரண்டு பனிக்காலங்கள் கழிந்தபின் அந்நோட்டையும் புலப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தப் புலத்தில் எதைப் பயிரிடுவது, எந்த வேலியைத் திறந்துவிடுவது, எந்த இடத்தில் தெளிப்புக் குழாய் போடுவது என்பவை தாமாகவே விளங்கும்.

பனி விழுவதைத் தடுக்க எவராலும் இயலாது. அது எங்கே தங்கும் என்பதை அறிந்து, அவ்விடத்தில் இளம்பயிரை வைக்காதிருப்பது விவசாயியின் கையில் உள்ளது.